நூல் அறுந்தால் நிற்கும்

கொல்லிமலைப் பாதையின் வளைவுகளுக்கு அடிவாரத்தில் இருந்துதான் எண் போட்டிருக்கிறார்கள். காரவள்ளியில் ஒன்று, மலை மேலே எழுபது. அதனால் இறங்குகிறவர்களுக்கு எண்கள் குறைந்துகொண்டே வரும். பதினோரு வருடமாக வாடகை வண்டி ஓட்டும் கலைமணிக்கு இது மூச்சு விடுவதுபோலப் பழகிய விஷயம். ஆனால் இந்த ஒரு மாதமாக, ஐம்பதாவது வளைவைத் தாண்டியதுமே அவள் வளைவுகளை எண்ணத் தொடங்கிவிடுகிறாள். நாற்பத்து மூன்றில் வண்டி நிற்கிறது. மூன்று தடவை நின்றாகிவிட்டது.

வண்டி ஒரு ஜப்பான் கம்பெனியின் டீசல் வண்டி, இருபத்திரண்டு வருடம் பழையது. எட்டுப் பேர் உட்காரலாம் என்று கம்பெனிக்காரன் சொன்னான். மலை மேலிருக்கும் தேவனூர் நாட்டுக்காரர்கள் பதினான்கு பேர் உட்கார்ந்து காட்டினார்கள். மிளகு மூட்டை, மரவள்ளிக் கிழங்கு, மாலையோடு மாப்பிள்ளை, பாம்பு கடித்த ஆள் என்று அது சுமக்காதது இல்லை. "கலைமணி வண்டி வழியில நிக்காது" என்று ஊர் சொல்லும். அந்த ஒரு பேச்சுதான் அவளுடைய பிழைப்பு.

அந்தப் பேச்சு இப்போது போய்விட்டது. மூன்றாவது தடவை நின்றபோது, மிளகு வியாபாரம் செய்யும் மாதம்மாள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். "நானு பஸ்ஸுலயே போய்க்கறேன் கண்ணு. அந்த வளைவுல எவளோ ஒருத்தி கையப் போட்டு மறிக்கறா." அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை. ஓடாத வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பழைய வண்டிகளை வாங்கி உடைத்து உதிரி பாகமாக விற்கும் அர்த்தனாரி காரவள்ளியில் காத்திருக்கிறார். இன்று மதியத்துக்குள் வண்டியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்ப வேண்டும். மறுநாள் முதல் அண்ணன் காட்டில் கிழங்கு பிடுங்கப் போக வேண்டியதுதான்.

பக்கத்து இருக்கையில் பிரேம் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது, குமாரபாளையத்துக்காரன். வண்டிக் கம்பெனிக்காக, இருபது வருடத்துக்கு மேல் பழைய வண்டி வைத்திருப்பவர்களைத் தேடிப்போய், திருப்தியா இல்லையா என்று கேட்டுப் படிவம் நிரப்புவது அவன் வேலை. வாசலூர்பட்டியில் ஒருவரைப் பார்த்துவிட்டு, பட்டியலில் கடைசிப் பெயரான கலைமணியைத் தேடி வந்தவன், அவள் இறங்கப் போகிறாள் என்றதும் ஏறிக்கொண்டான்.

"கேள்வி ஏழுங்கக்கா. உங்க வண்டிக்குப் பத்துக்கு எத்தன மார்க் போடுவீங்க?"

"உடைக்கறவனுக்குக் கொண்டுபோற வண்டிக்கு மார்க்கா? ஏந்தம்பி, சுடுகாட்டுக்கு வர்றவன்கிட்ட ரேசன் கார்டு கேப்பியாட்ட இருக்குது."

பிரேம் சிரித்தான். "சரி, கேள்வி எட்டு. எத்தன தடவ வழியில நின்னுச்சு?"

"நான் ஓட்டுன பதினோரு வருசத்துல மூணு. மூணும் இந்த மாசம். மூணும் ஒரே எடம்."

பேனா எழுதாமல் நின்றது. "ஒரே எடமா?"

"போறப்பப் பாக்கத்தானே போற."

ஐப்பசி மாதத்து மூடுபனி, மலைக்காரர்கள் சொல்லும் மஞ்சு, பாதையை மறைத்திருந்தது. காலை ஒன்பது மணிதான்; ஆனாலும் விளக்குப் போட்டால்தான் மஞ்சள் பலகைகள் தெரிந்தன. 52/70. 51/70. கலைமணி இரண்டாவது கியரில் இறக்கினாள். மலை இறக்கத்தில் பிரேக்கை நம்பக்கூடாது. மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. கியரில் விட்டால் எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். வளைவு வந்ததும் கிளட்சை மிதித்து முதல் கியருக்கு மாற்றி, ஹாரன் அடித்துத் திரும்ப வேண்டும்.

"இந்தக் கம்பெனிக்காரங்க மொதல்ல காரே செய்யலீங்க, தெரியுமா?" என்றான் பிரேம். பயத்தைப் பேச்சால் விரட்டுகிறவன் என்று அவளுக்குப் புரிந்தது. "தறி செஞ்சாங்க. எங்கூட்டுல இருக்கற மாதிரி தறி."

"காருக்கும் தறிக்கும் என்ன சம்மந்தம்?"

"அங்கதானுங்க விசயமே இருக்குது. தறியில நீளவாக்குல ஆயிரக்கணக்குல பாவு நூல் ஓடும். ஒண்ணு அறுந்தாலும் தறிக்குத் தெரியாது, அதுபாட்டுக்கு நெய்ஞ்சுக்கிட்டே போகும். அம்புட்டுத் துணியும் பாழ். அந்த ஜப்பான்காரர் தச்சு வேலைக்காரர் மகன். நூல் அறுந்தா தானே நிக்கற தறியச் செஞ்சார். எங்கூட்டுத் தறியிலயும் அப்படித்தான். ஒவ்வொரு நூல் மேலயும் மெல்லிசா ஒரு தகடு தொங்கும். நூல் இருக்கற வரைக்கும் தகடு மேல நிக்கும். அறுந்தா 'டிக்'குனு கீழ விழும். விழுந்த தகடு கரண்டைச் சேத்து உட்டுரும், தறி நின்னுரும். அந்தத் தறியில வந்த பேரும் பணமும்தான் மகன் காலத்துல காராச்சுன்னு சொல்லுவாங்க. இன்னிக்கும் அவங்க பேக்டரியில எங்காவது தப்பு தெரிஞ்சா, தொழிலாளி ஒரு கயித்த இழுத்து மொத்த வேலையையும் நிறுத்தலாமாம். நிறுத்துனா திட்ட மாட்டாங்க."

"நல்லாத்தான் இருக்குது. என்ர வண்டி நின்னா ஊரே திட்டுது."

46/70. 45. 44.

நாற்பத்து மூன்றுக்கு முன்னால் சின்னதாக ஒரு குலுங்கல். முன் சக்கரம் ஏதோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன்பக்கம், எஞ்சின் மூடிக்கு அடியில் எங்கிருந்தோ, மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது.

டிக்.

கலைமணி கிளட்சை மிதித்தாள். அதுவரை சக்கரத்தின் இழுப்பில் சுற்றிக்கொண்டிருந்த எஞ்சின் அப்படியே அடங்கியது. ஸ்டியரிங் கனத்தது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும், இரண்டு மிதிக்கு மேல் கல்லாகிவிடும். அவள் ஒரே மிதியில் நிறுத்தினாள், கைப்பிரேக்கை இழுத்தாள். பிரேம் குதித்து இறங்கி, ஒரு கல்லை எடுத்து முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான்.

"நாலு" என்றாள் கலைமணி. "எழுதிக்கோ."

மஞ்சு அசையவில்லை. இந்த வளைவின் தடுப்புச் சுவரில் எப்போதும் பத்துப் பதினைந்து குரங்குகள் உட்கார்ந்து, சுற்றுலாக்காரர்கள் போடும் வாழைப்பழத்துக்குக் காத்திருக்கும். இன்று ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் மேல் வளைவுச் சுவரில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் கத்தவில்லை.

அவள் எஞ்சின் மூடியைத் தூக்கினாள். டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டிபோலத் தீப்பொறி கிடையாது. அதை நிறுத்த ஒரே வழி பட்டினி போடுவது. டீசல் போகும் வழியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். சாவியைத் திருப்பினால் கரண்டு வந்து அந்தக் கதவைத் தூக்கிப் பிடிக்கும். கரண்டு நின்றால் கதவு விழும், எஞ்சின் சாகும். மெக்கானிக் குணசேகரன் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஒயர் முனை அறுந்து தொங்கியது.

"இதான்!" என்று பிரேம் கிட்டத்தட்டக் கத்தினான். "அக்கா, அதே தறி தானுங்க! ஒயர் தான் நூலு. பள்ளத்துல குலுங்குனதும் ஒயர் உட்டுப் போச்சு, கதவு 'டிக்'குனு விழுந்துச்சு, வண்டி நின்னுச்சு. பேயுமில்ல ஒண்ணுமில்ல!"

கலைமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு முழ ஒயருக்காகவா பதினோரு வருடப் பேர் போயிற்று? ஒயரை விரலில் பிடித்தபடி நின்றவளுக்கு வேறொன்று உறைத்தது.

"குலுங்குனதால வுட்டுச்சுன்னா, இங்க ஏன் குலுங்கணும்? போன மாசம் வரைக்கும் இங்க பள்ளமே இல்லையே."

ஜாக்கி கம்பியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சக்கரம் குலுங்கியது வெறும் விளிம்பில்தான்; அதற்கு முன்னால் இருந்தது பள்ளமாகவே இல்லை. தார் உடையாமலே, பாதையின் வெளிப்பாதி மெத்தைபோல அமுங்கியிருந்தது. கம்பியால் உள்பக்கம் தட்டினாள்: டக், டக். வெளிப்பக்கம் தட்டினாள்: தொம். பறை அடித்ததுபோல. தடுப்புச் சுவருக்கும் தாருக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி. அதற்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. சற்று நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: மஞ்சும் அதற்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பாதைக்கு அடியில், முறத்தில் தினை புடைப்பதுபோல ஒரு சத்தம். சர்... சர்... நிற்கும். மறுபடி சர்...

"அக்கா," என்றான் பிரேம் மெதுவாக, "உள்ள யாரோ இருக்கற மாதிரி..."

"மண்ணு தம்பி. மண்ணு ஓடுது. அப்படியே பின்பக்கமா வா, ஓடாத, மெல்ல வா."

வண்டியின் முன் சக்கரத்துக்கும் நன்றாக அமுங்கிய இடத்துக்கும் நான்கு அடிகூட இல்லை. மலை மேலே செம்மேட்டில் இருந்து எட்டரைக்குப் புறப்பட்ட பஸ் இந்நேரம் நெருங்கியிருக்கும். "நீ மேல போயி பஸ்ஸ மறி" என்று அவனை அனுப்பிவிட்டுக் கலைமணி வண்டியில் ஏறினாள். அறுந்த ஒயரை மாட்டவில்லை என்பதே அவளுக்கு அப்போது நினைவில்லை. சாவியைத் திருப்பினாள்.

முதல் திருப்பில் எஞ்சின் பிடித்தது.

ரிவர்சில், வெளிப்பக்கம் ஒரு கண்ணாக, மேல் வளைவு வரைக்கும் ஏற்றினாள். அங்கே பஸ் நின்றிருந்தது. டிரைவர் ராசாமணி பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தார்.

"என்னம்மணி, உன்ர வண்டி தெனம் நிக்குதுன்னு என்ர பஸ்ஸையும் சேத்து நிறுத்தோணுமா? தொணைக்கு ஆள் புடிக்கறியா?"

"எறங்கிப் பாத்துட்டுப் பேசுங்கண்ணா."

இறங்கிப் போனவர், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸின் எஞ்சினை அணைத்தார். பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. 43/70 என்ற மஞ்சள் பலகை, யாரோ கூப்பிட்டதற்குத் தலையாட்டுவதுபோல ஒருமுறை முன்னால் சாய்ந்தது; பிறகு சுவரும் பாதையின் வெளிப்பாதியும் அதோடு சேர்ந்து மஞ்சுக்குள் இறங்கிப் போயின. நெடுநேரம் கழித்துத்தான் கீழே கல் மோதும் ஓசை வந்தது.

மேல் வளைவில் போனுக்குக் கொஞ்சம் சிக்னல் உண்டு. கலைமணி முதலில் போலீசுக்குச் சொன்னாள். அடுத்து குணசேகரனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, வண்டி ஏன் நிக்குதுன்னு கண்டுபுடிச்சிட்டனுங்க. கறுப்பு ஒயரு, அந்தக் கதவுக்குப் போறது, அறுந்து தொங்குது."

"அதா? அத நாந்தான் கண்ணு அறுத்து உட்டேன். ரெண்டாந்தடவ கொண்டாந்தியே, அப்பவே. அது செத்த ஒயரு. பக்கத்துல செவப்பா புதுசு போட்டுருக்கேன் பாரு. அதுலதான் கரண்டு போவுது."

அவள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு ஒயர் இருந்தது. இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாக, ஆணி அடித்ததுபோல இருந்தது.

"அப்ப இன்னிக்கு எதுனாலயுங்க நின்னுச்சு?"

"அதுல ஒரு கொறையுமில்ல கண்ணு. நிக்க வேண்டிய காரணமே இல்ல."

பிரேம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தவன் இப்போது படிவத்தையே பார்த்தான். "எத்தனை முறை வழியில் நின்றது" என்ற வரிக்கு நேரே "குறை" என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. நான்கு என்று எழுதியிருந்தான். அதை அடிக்கவும் இல்லை, விடவும் முடியவில்லை.

போன் அடித்தது. அர்த்தனாரி.

"ஏனுங்கம்மா, எங்க வாரீங்க? ஆளுங்கள வெச்சுக்கிட்டு நிக்கறனுங்க."

"வரலீங்க. ரோடு இல்லீங்க."

"ரோடு சரியானதும் கொண்டாந்துருவீங்கல்ல?"

கலைமணி வண்டியைப் பார்த்தாள். முன் கண்ணாடியில் மஞ்சின் ஈரம் துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தில் மாதம் முழுக்க இருந்த கசப்பு இல்லை.

"இல்லீங்க. விக்கலீங்க."

பஸ்ஸைத் திருப்ப இடமில்லாமல் அது அங்கேயே நின்றது. பஸ்ஸில் இருந்தவர்களில் முதலாவதாக மாதம்மாள்தான் மிளகு மூட்டையோடு வந்து கலைமணி வண்டியின் கதவைத் திறந்தாள். "என்ன பாக்கறீங்க? வந்து உக்காருங்க. கையப் போட்டு மறிச்சவ வெளிய இல்ல, இந்த வண்டிக்குள்ளதான் இருக்கறா." அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் ஏறினார்கள்.

வளைவின் அகலத்தில் திரும்பி, பஸ்ஸை ஒட்டிக் கடந்து, வண்டி மலை ஏறியது. 47. 51. 55. உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் முதலில் விரிசலைப் பார்த்தது என்று அதற்குள் மூன்று கதை வந்துவிட்டது. பிரேம் மட்டும் முன் இருக்கையில் காதைக் கூர்மையாக வைத்திருந்தான்.

ஐம்பத்தெட்டாவது வளைவின் பலகை மஞ்சில் தெரிந்தபோது, எஞ்சின் மூடிக்கு அடியில் கேட்டது.

டிக்.

எஞ்சின் நிற்கவில்லை. சீராக ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு மட்டும் பட்டென்று நின்றது.

கலைமணி தானாகவே பிரேக்கை மிதித்தாள். கைப்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பி எஞ்சினையும் நிறுத்தினாள். பிரேம் பேனாவை மூடி வைத்தான். முன்னால் விளக்கு வெளிச்சத்தில் மஞ்சைத் தவிர ஒன்றுமே இல்லை.

பின்னால் இருந்து மாதம்மாளின் குரல் மெதுவாக வந்தது. "எறங்கிப் பாரு கண்ணு."

கலைமணி ஜாக்கி கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.