மாமேதை பனியன்

என் மனைவியின் அண்ணன் தரணீதரனுக்கு அவிநாசி ரோட்டில் பனியன் கம்பெனி. அதற்குப் பின்சந்தில் இரண்டு டேபிள் போட்ட பிரிண்டிங் பட்டறை எனக்கு. அடுத்தவனை மட்டம் தட்டுவதில் அவர் கெட்டிக்காரர். எங்கள் பக்கத்தில் செருப்பால் அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்போம்.

சேவூரில் ஒரு கல்யாணப் பந்தி. என் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு, பரிமாறுகிறவரிடம் சொன்னார்: "நம்ம மாப்பிள்ளைக்கு வெண்டைக்காய் இன்னுங் கொஞ்சம் வைங்க. இனியாச்சும் மூளை வளரட்டுமுங்க."

பந்தியே சிரித்தது. பக்கத்து இலையில் என் மனைவியும் சிரித்தாள். அவர் சொன்னதைக்கூட மன்னித்திருப்பேன். இவள் சிரித்ததுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அந்த மனுசனை நாலு பேர் நடுவில் முட்டாளாக்க வேண்டும், அதை இவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

வாய்ப்பு தானாக நடந்து வந்தது. கம்பெனி ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பனியனாம். நெஞ்சில் 'மாமேதை தரணீதரன்' என்று அடிக்க வேண்டுமாம். வாசகத்தை எழுதியவர் வேறு யாருமில்லை, மாமேதையேதான்.

"எழுத்து தூரத்துல இருந்து பார்த்தாலும் தெரியோணும் மாப்ள" என்றார்.

"தெரியற மாதிரியே பண்ணிர்றனுங்க மச்சா" என்றேன்.

ஸ்கிரீன் தயாரானதும் பட்டறைக் கதவைச் சாத்தினேன். 'மே'யில் உள்ள மகரத்தின் சுழியை மட்டும் மை இறங்காதபடி மருந்து தடவி அடைத்தேன். சுழி போனால் 'ம' வெறும் 'ப' தானே. மாபேதை தரணீதரன். ஒவ்வொரு பனியனுக்கும் மை இழுக்கும்போது வாய்விட்டுப் படித்தேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை.

விழாவன்று மண்டபம் முழுக்க அந்தப் பனியன்தான். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒடிசாப் பையன்களுக்குத் தமிழ் தெரியாது. ஆபீஸ் பெண்கள் இங்கிலீஷ் மீடியம். மற்றவர்கள் முதலாளி சொன்னதைப் படித்தார்களே தவிர, எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. தரணீதரன் மாபேதையாகவே மேடையில் நின்று மாலைக்குக் குனிந்தார். எனக்கு வயிறு எரிந்தது. யாருக்கும் தெரியாமல் வாங்குகிற பழி என்ன பழி?

பக்கத்தில் கட்டிங் மாஸ்டர் வீரணன் உட்கார்ந்திருந்தார். விருதுநகர்க்காரர்.

"மாஸ்டர், பனியன்ல என்ன போட்டிருக்குதுன்னு படிங்க."

"மாமேதை தரணீதரன்."

"எழுத்துக் கூட்டிப் படிங்க."

"மா… பே…" என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அட கொடுமையே."

அவர் முன்வரிசையின் காதைக் கடித்தார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகத் தாவி மேடைக்கு ஏறியது. தரணீதரன் பனியனை இழுத்துப் பிடித்து, தாடை நெஞ்சில் முட்டக் குனிந்து படித்தார். முகம் செத்துப்போனது. என் மனைவியைப் பார்த்தேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு நாக்கெல்லாம் இனித்தது.

பாவி மனுசன் மைக்கை எடுத்தார்.

"யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க. நம்ம மாப்பிள்ளை அடிச்சதுங்க இது. ஸ்கிரீன் அடைச்சிருக்குது, அவருக்குப் படிச்சுப் பார்க்கத் தெரியலீங்க. பாவமுங்க."

மண்டபம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவருக்குச் சிரித்ததைவிட இரண்டு மடங்கு. இனி அவர் ஆர்டர் வராவிட்டால் போகட்டும், பட்டறையே போனாலும் போகட்டும் என்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

"தெரியாம இல்லீங்க. அந்தச் சுழியை வேணும்னேதான் அடைச்சேன். நல்லா யோசிச்சுப் பண்ணினதுங்க."

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். தரணீதரனும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"எப்படிச் சமாளிக்கிறாரு பாருங்க" என்றார்.

"சத்தியமா நான்தானுங்க, என்னைய நம்புங்க" என்று கெஞ்சினேன்.

என் மனைவி மேடைக்கு ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது. என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, போதும் விட்ருங்க. எங்க ஊட்டுக்காரர் உங்களை அவமானப்படுத்தோணும்னு செஞ்சிருக்க மாட்டாருங்கண்ணா. அந்த அளவுக்கெல்லாம் யோசிக்க அவருக்கு வராதுங்க."

அதையும் மைக்கில்தான் சொன்னாள்.