பெற்றவரே சொன்ன பிறகு

மகள் ஆடும் கால்பந்து ஆட்டத்துக்கு அப்பாவே ரேடியோ வர்ணனை என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "இனி அவ பிடிக்கிற பந்தெல்லாம் அற்புதம்தான்" என்று கூட வேலை செய்பவர்களே சிரித்தார்கள். வர்ணனையாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து மூன்று வருஷமாக, கோல்கீப்பரான மகள் பாய்ந்து பிடித்ததை ஒரு வரியில் முடித்தார். கோட்டைவிட்டதை ஆட்டம் முடியும்வரை சொல்லிக் காட்டினார். தன் நேர்மையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

போன வாரம் தேர்வுக்குழு அவளை அணியிலிருந்து நீக்கிவிட்டது. வீட்டுக்கு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"'உன் கையில பந்து நிக்காதுன்னு பெத்த அப்பாவே ரேடியோல சொல்றாரு, நாங்க எப்படி நம்புறது'ன்னு கேட்டாங்க."

"பொண்ணுக்காகப் பேசுறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னுதாம்மா…"

"யாரும் சொல்லலைப்பா. நிம்மதியா இருங்க."



இன்று அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். பத்தாவது நிமிஷமே, கைக்கு நேராக வந்த பந்தை அந்தப் பெண் நழுவவிட்டாள்.

"பாவம், சின்னப் பொண்ணு! இந்தப் பந்தை யாராலயும் பிடிச்சிருக்க முடியாது" என்று மைக்கில் மனமுருகிச் சொன்னார் வர்ணனையாளர்.

வீட்டில் மகள் ரேடியோவைப் போட்டிருப்பாள் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.