கந்தகத்துக்கு எடுத்த ஆறு மணி நேரம்

மனைவி இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அவள் பாதியில் விட்ட, நெபுலா என்ற விண்முகிலின் படத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக அவளுடைய வானியல் மன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தேன்.

கேமராவின் முன் சுழலும் சக்கரத்தில் ஐந்து ஃபில்டர்கள் இருந்தன; இந்தப் படத்துக்கு அவற்றில் மூன்று. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தனிமத்தின் ஒளியை மட்டும் உள்ளே விடும். படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். பிறகு கணினியில் கந்தகத்தைச் சிவப்பாகவும் ஹைட்ரஜனைப் பச்சையாகவும் ஆக்சிஜனை நீலமாகவும் வைத்துச் சேர்த்தால் வண்ணம் கிடைக்கும். ஹைட்ரஜனைப் பன்னிரண்டு மணி நேரமும் ஆக்சிஜனைப் பத்து மணி நேரமும் அவள் எடுத்திருந்தாள். கந்தகம் பாக்கி. அவள் போன இரண்டாம் வாரம், அவள் நோட்டைப் பார்த்து, சில இரவுகளாக மொட்டைமாடியில் மொத்தம் ஆறு மணி நேரம் அதை நானே எடுத்தேன். அந்தப் படத்தில் ஒரு நிறமாவது என் கையால் வந்ததாக இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வெள்ளி காலை மச்சான் வந்தான். அவளுடைய தம்பி. இந்தச் சேர்க்கும் வேலை அவனுக்குத்தான் தெரியும். மூன்றையும் சேர்த்தான். திரை முழுக்க மஞ்சள், ஓரங்களில் மட்டும் கொஞ்சம் நீலம்.

“மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கே மாமா.”

சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்துப் பார்த்தான். ஒன்றும் மிஞ்சவில்லை.

“எத்தனாவது ஃபில்டர் போட்டீங்க?”

“நோட்டுல மூணுன்னு எழுதியிருந்துச்சு. மூணாவதுதான் போட்டேன்.”

“அக்கா கம்ப்யூட்டர் டீச்சராச்சே, பூஜ்யத்துலேர்ந்துதான் எண்ணும். அது எழுதுற மூணு நமக்கு நாலாவது. நீங்க எடுத்ததும் ஹைட்ரஜன்தான். பத்தொம்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் இது தெரியலையா உங்களுக்கு?”

நாற்காலிக் கையில் பெயர்ந்திருந்த ரெக்ஸினை விரலால் அழுத்தினேன். அது மறுபடி மறுபடி எழும்பியது.

“திரும்ப எடுக்கலாமா?”

“அந்த நெபுலா இப்ப சூரியனோடவே எறங்கிடுது. இனி அடுத்த வருஷம்தான்.” பிறகு, “இதையே லேசா மங்கலாக்கி கந்தகம்னு வச்சுடவா? யாரு கண்டுபிடிக்கப் போறா?” என்றான்.

“உங்கக்கா கண்டுபிடிச்சுடுவா.”

அவன் அவள் எடுத்த ஹைட்ரஜன் படத்தைத் திறந்தான்.

“அப்ப அக்கா எடுத்த ஹைட்ரஜனோட இதையும் சேர்த்துடலாம். படம் பொறிப்பொறியா தெரியறது கொறையும். ஆனா உங்களோடது எது, அக்காவோடது எதுன்னு அப்புறம் பிரிக்க முடியாது.”

“சேர்த்துடு.”

இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டு தனிமங்களின் படம். நன்றாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அடியில் விவரம் அடித்தான்: ஹைட்ரஜன் பதினெட்டு மணி நேரம், ஆக்சிஜன் பத்து மணி நேரம், கந்தகம் எடுக்கப்படவில்லை. எடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“உங்க பேரு மாமா?”

“அப்படியே அனுப்பு,” என்றேன்.