நோன்பு நாளில் ஒரு ஸ்கேன்

கேரளத்துப் பெரிந்தல்மண்ணையில் எங்கள் ஆஸ்பத்திரியின் சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு மேஜை உண்டு. அங்கே உட்கார்ந்து ஒப்புதல் படிவம் வாங்குவது என் வேலை. கையெழுத்து வாங்குவது எளிது. நான் அதோடு விடுவதில்லை. என்ன செய்யப்போகிறார்கள் என்று நோயாளியையே சொல்லச் சொல்வேன். அவரால் சொல்ல முடிந்தால்தான் அது சம்மதம்.

பீரான்குட்டி இக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. லாரி ஓட்டியவர். இருபத்திரண்டு வருடமாகச் சர்க்கரை. சிறுநீரில் ரத்தம் போனதால், நரம்பில் மருந்து செலுத்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ரத்தத்தில் கிரியாட்டினின் 1.8. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. அவர் வயதில் அந்த அளவு என்றால், சிறுநீரகம் பாதிக்கும் குறைவாகவே வேலை செய்கிறது என்று பொருள்.

படிவத்தை மகன் ஷம்ஸீர் நிரப்பி, அவனே கையெழுத்தும் போட்டிருந்தான். ‘வெறும் வயிறா?’ என்ற கேள்விக்கு நேரே ‘ஆம்’.

“இக்கா, உள்ளே என்ன செய்யப்போறோம், நீங்க சொல்லுங்க.”

“படம் எடுப்பீங்க. சிரிக்கணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு மோளே.”

அவர் உதடு வெடித்திருந்தது. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் காய்ந்திருந்தது.

“கடைசியா எப்போ தண்ணி குடிச்சீங்க?”

“விடியறதுக்கு முன்னாடி, அத்தாழச் சோத்துக்கு எழுந்தப்போ. நோன்புல்ல?”

மணி மதியம் இரண்டு. படிவம் கேட்பது சாப்பாடு இல்லாத வயிற்றை. தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். ரமலானில் எங்கள் ஊரில் பாதிப்பேர் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதித் தண்ணீர்கூட இல்லாமல் வந்து நிற்பார்கள். யாரும் பொய் சொல்வதில்லை.

டாக்டரைப் போனில் பிடித்தேன். ஒரு நாள் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

ஷம்ஸீர் எழுந்து வந்தான். “சிஸ்டரே, நாளைக்கு விடிஞ்சா எனக்கு தோஹா ஃப்ளைட். வாப்பாவைக் கிலி பிடிக்க வைக்காம வேலையை முடிங்க.”

“கிலியா? எனக்கா? தாமரச்சேரி மலைச் சுரத்துல பிரேக் இல்லாம இறங்கினவன்டா நான்.” இக்கா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு.”

சிறுநீரகத்துக்குத் தேநீர் வடிகட்டியை உதாரணமாகச் சொன்னேன். ஊசி வழியாகப் போகும் மருந்து ரத்தத்தோடு ஓடிப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கல்லோ கட்டியோ இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சர்க்கரை அந்த வடிகட்டியின் கண்களை வருடக்கணக்கில் கெடுத்திருக்கிறது. உடம்பில் தண்ணீர் இருந்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். வறண்டிருந்தால் மிச்சமிருக்கும் கண்களும் கெடலாம்.

“கெட்டா?”

“டயாலிஸிஸ் வரைக்கும் போகலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது. உங்களுக்கு ஆபத்து கூடுதல்.”

“டிரிப் போட்டா?”

“போடலாம். நோன்பு என்னாகும்னு என்னைக் கேட்காதீங்க. எனக்குச் சிறுநீரகம்தான் தெரியும்.”

“இதெல்லாம் உனக்குத் தெரியுமாடா?” என்றார் மகனிடம்.

“டாக்டர் சொன்னார். நீங்க பயந்துடுவீங்கன்னு…”

“சிறுநீரகம் யாருது?” படிவத்தை மகன் பக்கம் தள்ளினார். “நாளைக்கு நோன்பு வைக்கலை. தண்ணி குடிச்சுட்டு வர்றேன். விட்டதைப் பெருநாள் கழிஞ்சு வச்சுக்கறேன்.”

“நாளைக்கு நான் இருக்க மாட்டேனே வாப்பா.”

“நீ இருந்தா நீதானே பேசுறே.”

சர்க்கரை மாத்திரைகளில் எதை நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்குத் தனியாக வந்தார். இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்: வெள்ளை மருந்து, வடிகட்டி, தண்ணீர். ஊசி போட்டதும் உடம்பு சூடாகும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதையும் சொல்ல வைத்துப் புதுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்துக் கிரியாட்டினின் பார்த்தோம். 1.8, அப்படியே. ஸ்கேனில் கட்டி இல்லை. இடது பக்கம் ஒரு கல். அறிக்கையை அவர் கையில் கொடுத்தேன்.

மாலையில் தோஹாவிலிருந்து ஷம்ஸீர் என் மேஜை போனுக்கு அழைத்தான்.

“சிஸ்டரே, ரிப்போர்ட் என்ன?”

“வாப்பாகிட்ட இருக்கு. அவரைக் கேளுங்க.”

“அவர் போனை எடுக்கவே மாட்டேங்கறார்.”

“எடுக்கிறப்போ கேளுங்க” என்று போனை வைத்தேன்.