தூரவ் வாசிக்காத கடைசிப் பக்கம்

கிளெப் தூரவ் கடைசிப் பக்கத்தை வாசிக்காமலேயே செத்துப்போனார். மாஸ்கோ ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு சொனாட்டா இசைக்கோவையின் மீதியெல்லாம் வாசித்து முடித்து, "கை மரத்துப்போச்சு, முடிவை நாளைக்கு வச்சுக்கலாம்" என்று பியானோவை மூடிவிட்டுக் கிளம்பியவர், வீட்டு மாடிப்படியிலேயே விழுந்துவிட்டார். ஊர் உலகமெல்லாம் எழுந்து நின்று கைதட்டிய மனுஷன், இப்படியா அரைகுறையாக விட்டுவிட்டுப் போவது?

அது வந்து விழுந்தது ரிம்மாவின் தலையில். கூடத்தில் ஒலிநாடாக்களை பிளேடால் வெட்டி ஒட்டுவது அவள் வேலை. அதைவிட முக்கியம், அவள் தூரவின் மனைவி லீதாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. புருஷன் போனதிலிருந்து லீதா அக்காவின் அறையில்தான் இருந்தாள். கஞ்சி காய்ச்சி வைத்தால் கரண்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். காலையில் மட்டும் அக்காவுக்கு முன்பே பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள், கூடத்துக்கு வந்து அந்த நாடாவைக் கேட்பதற்கு.

தூரவுக்கு வாசிக்கும்போது முனகுகிற பழக்கம் உண்டு. நாடாவில் பியானோவுக்கு அடியில் அந்த முனகலும் மூச்சிரைப்பும் அப்படியே கேட்கும். வாசிப்பு அறுந்துபோகிற இடம் வந்ததும் லீதா, "திரும்பப் போடுக்கா" என்பாள். நாளுக்கு நாள் அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. அவரோடு சேர்த்து இவளையும் வாரிக்கொடுத்துவிடுவோமோ என்று ரிம்மா பயந்தாள்.

கூடத்தின் இயக்குநர் அர்செனி லுவோவிச்சுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. இசையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கலைஞர் எந்தப் பதக்கம் வாங்கினார் என்பதுதான். "இதையே சின்ன வயசுல ஒருதடவை வாசிச்சு வச்சிருக்காரே! அதோட வாலை வெட்டி இதுல ஒட்டு, ரிம்மா. எந்தக் காது கண்டுபிடிக்கப்போகுது? மே மாசம் ரெகார்டு கடைக்கு வந்தாகணும்" என்றார்.

லீதா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. வேலையை முடிக்காம அவர் எங்கேயும் போகமாட்டார். நீ முடிச்சு வச்சிட்டா போயிடுவார்."

"போகட்டுமேடி! செத்தவங்க நாற்பது நாள்தான் இங்க சுத்தலாம். அதுக்கப்புறமும் இழுத்துப் பிடிச்சு வச்சா யாருக்கு நல்லது? கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தியா? செத்தது அவரா, நீயா?"

ரிம்மா ஒட்டினாள். இரண்டு சுரங்களுக்கு நடுவே மௌனம் விழுகிற இடமாகப் பார்த்து, சாய்வாக வெட்டி, பழைய நாடாவின் முடிவைப் புதியதோடு சேர்த்தாள். போட்டுக் கேட்டபோது அவளுக்குப் புல்லரித்தது. பழைய நாடாவில் தூரவ் முனகவே இல்லை. அந்த வயதில் வாயை இறுக மூடிக்கொண்டு வாசிப்பார். இப்போதோ முனகல் ஒட்டுப்போட்ட இடத்தைத் தாண்டி, கடைசிச் சுரம் வரைக்கும் போயிற்று. காது களைத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு பிரதி எடுத்து இயக்குநரிடம் கொடுத்துவிட்டாள்.

நாற்பதாம் நாள், செத்தவருக்குப் படைக்கிற வழக்கப்படி ஒரு குவளை வோட்காவை ஊற்றி, மேலே கறுப்பு ரொட்டித் துண்டை வைத்து மூடி, நாடா இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். லீதாவை நாற்காலியில் உட்கார்த்தினாள். "இன்னிக்கு முழுசாக் கேளு. கேட்டு அனுப்பிடு. அப்புறம் வீட்டுக்குப் போய் சூப் குடிக்கணும், சரியா?"

சொனாட்டா முடிந்தது. மிச்சம் ஓடியது வெறும் நாடா, அதில் ரிம்மா எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் நாடாவுக்குள் பியானோ முக்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்து நடந்து வந்தார்கள். "லீதா, உட்காரு. கிளம்பணும்" என்றது தூரவின் குரல்.

தூரப் பயணம் கிளம்புமுன் போகிறவரும் வழியனுப்புகிறவரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருப்பது அங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். பிறகு போகிறவர் முதலில் எழுந்திருப்பார். நாடாவில் அந்த ஒரு நிமிஷ மௌனம் ஓடியது. பிறகு எழுந்தது இரண்டு பேர். ஒன்று தூரவின் கனத்த நடை. இன்னொன்று குதிகால் டக்டக்கென்று கேட்கும் லீதாவின் நடை. நாற்காலியில் இருந்த லீதாவோ அசையவேயில்லை. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! ரிம்மா தொட்டுப் பார்த்தாள், கை சில்லிட்டுக்கொண்டிருந்தது. அலறிக்கொண்டு பாய்ந்து இயந்திரத்தை நிறுத்தினாள்.

நடை நின்றது. லீதாவும் அப்படியே நின்றுபோனாள். மூச்சு இருந்தது, ஊட்டினால் விழுங்கினாள், பேச்சில்லை. மருத்துவர்கள் அதிர்ச்சி என்றார்கள். ஐயோ, ரிம்மாவுக்கல்லவா தெரியும்! தங்கை எங்கேயோ ஒரு கதவுக்கு முன்னால் காலைத் தூக்கியபடி நிற்கிறாள். நாடாவை ஓடவிட்டால் போய்விடுவாள். எரித்தால் அங்கேயே மாட்டிக்கொள்வாள். ஓடவிடவும் மனசு வராமல், எரிக்கவும் துணியாமல், அதைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் பூட்டினாள். பிரதியைத் திருப்பிக் கேட்டதற்கு அர்செனி லுவோவிச் சிரித்தார். "ரெகார்டு அச்சாகி லாரில ஏறியாச்சும்மா!"

மே மாதத்தில் ஒரு சாயங்காலம் பொதுக் குடியிருப்பின் நடைவழியில் பக்கத்து அறைக்காரர் தீகனின் குரல் கேட்டது. "ரிம்மா! உங்க தங்கச்சி வீட்டுக்காரர் ரெகார்டு கிடைச்சிடுச்சு! முட்டி தேய வரிசைல நின்னேன், போங்க!"

சுவருக்கு அந்தப் பக்கம் பியானோ தொடங்கியது. ரிம்மா ஓடினாள். தீகனின் கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது, முதுகுக்குப் பின்னால் திறந்து கிடந்த தங்கள் அறையிலிருந்து, "அக்கா" என்று கூப்பிட்டாள் லீதா. மாதக்கணக்கில் வராத குரல். "நிக்க முடியலக்கா. கால் வலிக்குது."

ரிம்மா ஓங்கிய கையை இறக்கினாள். திரும்பி வந்து கட்டிலில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அழாமல், கடைசிப் பக்கம் முழுவதையும் கேட்டாள். மடியிலிருந்த கை மெல்ல மெல்லக் குளிர்ந்தது.

தீகன் சுவரைத் தட்டினார். "பிரமாதம் ரிம்மா! ஆனா கடைசில ஏதோ கதவு சாத்துற சத்தம் கேக்குதே. வெட்ட மறந்துட்டீங்களா?"

"ஆமா தீகன், என் தப்புதான்" என்றாள் ரிம்மா, தங்கையின் கையை விடாமல்.