காலித் தட்டுச் சோதனை

முப்பத்து நான்கு வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்தவன் நான். கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் போதும், என் கை தானாகத் தட்டுக்கு அடியில் போய்த் தடவும். அரசாங்கத்திலிருந்து வந்த கடிதமும் அப்படித்தான் சிரித்தது. ஒரே பக்கத்தில் ‘மேம்பாடு’ ஒன்பது தடவை. கடைசிப் பத்தியில், எறும்பே கண்ணாடி கேட்கும் எழுத்தில், விஷயம் ஒளிந்திருந்தது: தன் தேவையைத் தானே தெரிவிக்கும் குழந்தைக்கு இனி வீட்டுப் பயிற்சி கிடையாது, மாதம் ஒருமுறை பொதுக் குழுவுக்கு வரலாம்.

என் பேத்திக்கு நாலு வயசு. கூப்பிடுவது குருவி என்று; அவள் வாயிலிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை. செவ்வாய்தோறும் வரும் பேச்சு டீச்சர், எட்டு மாதம் மல்லுக்கட்டி, பட அட்டையை எடுத்துக் கொடுத்துக் கேட்கப் பழக்கியிருந்தார். இதுவரை பதினோரு அட்டை, எல்லாம் ஒரு பலகையில் ஒட்டியிருக்கும். டீச்சர் நின்றால் பன்னிரண்டாவது வராது. பதினொன்றும் தங்குமா என்பதே சந்தேகம்.

அந்தக் கடைசிப் பத்தியை மருமகளிடம் சொன்னேன். எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம், சூரியன் உதித்தாலும் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன் என்று தள்ளிவிட்டாள்.

குருவி தானே கேட்கிறாளா என்று பார்த்துப் படிவம் நிரப்ப மதிப்பீட்டு அதிகாரி வந்தார். சட்டை அப்படியொரு வெள்ளை, கூடத்து டியூப்லைட் வெட்கப்பட்டிருக்கும். விருந்தாளிக்குப் பிள்ளையைப் பாடிக் காட்டச் சொல்லும் அம்மாக்களைப் போல, மருமகள் குருவியை முன்னால் தள்ளினாள். குருவி தண்ணீர் அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அசந்துபோய், ‘தானே கேட்கிறாள்’ என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். மருமகள் முகத்தில் அத்தனை பெருமை.

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்றேன். “தராசு சோதிக்கிறவன் காலித் தட்டைத்தான் முதல்ல பார்ப்பான். கல்லு வைக்கிறதெல்லாம் அப்புறம்.”

அட்டைப் பலகையைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தேன்.

குருவி பலகை இருந்த இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தரையில் விழுந்து அழ ஆரம்பித்தாள். வேறு நாளாக இருந்தால் ஏழு தெருவுக்குக் கேட்டது என்று அளந்திருப்பேன். அன்று கூடத்துக்குள் கேட்டதே எனக்கு அதிகம்.

அதிகாரி தண்ணீர் நீட்டினார், தட்டிவிட்டாள். கரடி பொம்மையை ஆட்டினார், அதையும் தள்ளினாள். பாப்பாவுக்கு என்னதான் வேண்டும் என்று எங்களைக் கேட்டார்.

“அதைத்தான் சார் நாங்களும் மூணு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தோம்,” என்றாள் மருமகள். பெருமையெல்லாம் போய்விட்டது; அந்தக் கடைசிப் பத்தி அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது.

பலகையை இறக்கினேன். குருவி விக்கிக்கொண்டே பந்து அட்டையைப் பிய்த்து அம்மாவிடம் நீட்டினாள். சோபாவுக்கு அடியிலிருந்து பந்து வந்தது, அழுகை நின்றது.

பலகையோடு, பலகை இல்லாமல் என்று தனித்தனிக் கட்டம் படிவத்தில் இல்லையே என்றார் அதிகாரி. கட்டம் இல்லாவிட்டால் ஓரம் இருக்குமே என்றேன். எழுதினார்: ‘அட்டையின்றிக் கேட்க இயலவில்லை. வீட்டுப் பயிற்சி தொடர வேண்டும்.’ தேதி போடாமல் நழுவப் பார்த்தார். போடவைத்து, போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு செவ்வாய் டீச்சர் வந்துவிட்டார். மேலே யாராவது அந்த ஓரத்தைப் படித்தார்களா, இல்லை நிறுத்த மறந்தார்களா, தெரியாது. இன்று மூன்றாவது செவ்வாய். விடிந்ததிலிருந்து ஜன்னலில் நிற்கிறேன்.

குருவியும் விழிப்பாகத்தான் இருக்கிறாள். நான் கூடத்தில் கால் வைத்தால் போதும், பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறாள்.