நஷ்டமில்லாமல் விமானம் விடுவது எப்படி

தமிழ்ச்செல்வன் எழுந்தான். பல் விளக்கினான். கதவுப் பிடியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினான். காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஓர் ஆளின் துணிக்கு வாஷிங் மெஷின் நிரம்பவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைத்தான். பிறகு மடிக்கணினியைத் திறந்து, தூங்கிய நேரத்தில் தன் விமானக் கம்பெனிக்கு நஷ்டம் ஆகியிருக்கிறதா என்று பார்த்தான். ஆகியிருந்தது.

கம்பெனி நிஜமில்லை. இணையத்தில் ஒரு விளையாட்டு. உலகம் முழுக்க ஆளுக்கொரு விமானக் கம்பெனி வைத்து நடத்துவார்கள். விமானத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். எந்த ஊருக்கு விடுவது, டிக்கெட் என்ன விலை என்று முடிவு செய்ய வேண்டும். முதலாளி தூங்கினாலும் விமானங்கள் பறந்துகொண்டிருக்கும். குடியிருக்கும் பேட்டையின் பெயரில் தமிழ்ச்செல்வன் வைத்த கொண்டாப்பூர் ஏர்வேஸ் மூன்று முறை திவாலாகி, நான்காவது முறைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

முதல் திவாலுக்குக் காரணம் தீபாவளி. ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து தீபாவளிக்கு மதுரை போக டிக்கெட் கிடைக்காமல் அலைந்தவன் அவன். ரயிலில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஊர் போய்ச் சேர்ந்த வருஷமும் உண்டு. அந்தக் கோபத்தை வியாபாரமாக்கலாம் என்று நினைத்தான். இருப்பதிலேயே பெரிய விமானங்களாகப் பார்த்து எடுத்து, பண்டிகைக்கு முந்தைய வாரம் மதுரைக்கு வரிசையாக விட்டான். டிக்கெட் விலையை மூன்று மடங்காக்கினான். ஈ காக்கை ஏறவில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, அவர்கள் கணக்கில் தீபாவளி என்று ஒன்று கிடையாது. அன்று அவன் மனைவி சாருலதா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஆம்னி பஸ் முதலாளி ஆக வேண்டியவன், தெரியாம ஏரோப்ளேன் எடுத்துட்ட" என்றாள்.

சாருலதா இறந்து அடுத்த வாரம் ஒரு வருஷம். காலையில் வேலைக்குக் கிளம்பி லிஃப்டில் ஏறினாள். கீழே லிஃப்ட் திறந்தபோது விழுந்து கிடந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் மறுபடி கண் விழிக்கவில்லை. ஆகவே அவள் கடைசியாகப் பேசியது அவனிடம்தான், வீட்டைவிட்டுக் கிளம்புகிற நேரத்தில்.

அது என்ன என்று மாமியார் கமலா கேட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டார். கருமாதியன்று கேட்டார். போன் பேசினால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

"கிளம்பும்போது என்ன சொன்னா மாப்ள?"

"ஒண்ணுமில்ல அத்தை. வழக்கம்போலத்தான்."

கமலாவின் குடும்பத்தில் போகிறவர்கள் நல்லபடியாகப் பேசிவிட்டுப் போகிறவர்கள். ஒரு பெரியப்பா முருகா என்று சொல்லிக் கண்ணை மூடினார். ஒரு சித்தி பேரப்பிள்ளைகளை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த வரிசையில் கொண்டுபோய் வைக்கிற மாதிரி சாரு எதுவும் சொல்லவில்லை. சொன்னது மிக அற்பம். பெற்றவளிடம் அதைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம் என்று அவனுக்குப் பட்டது.

பொய் சொல்லலாமா என்றும் பார்த்தான். 'அம்மாவைப் பாத்துக்கோ' என்று சொன்னாள் எனலாம். ஆனால் சாரு அப்படிப்பட்டவள் இல்லை. 'இவனப் பாத்துக்கோம்மா, தோசையத் திருப்பத் தெரியாது' என்று அம்மாவிடம் சொல்கிற ரகம். 'போய்ட்டு வரேன்' என்று மட்டும் சொன்னதாகச் சொல்லலாம் என்று ஒருநாள் தீர்மானித்து, போனை எடுத்து, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தான். விமானத்துக்கு மட்டும்தான் அவனுக்குத் திட்டம் போடத் தெரியாது என்றில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மாமனார் துரைராஜ் மாரெட்பள்ளியிலிருந்து மெட்ரோவில் வந்து, ஆட்டோக்காரரிடம் தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு, மாடி ஏறி வந்தார். விருதுநகர்க்காரர். மத்திய அரசுத் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஊரிலேயே இருந்துவிட்டார். அவர் பேச்சில் ஆமாம் என்பது ஹவ். வேண்டாம் என்பது நக்கோ.

"மாப்ள, எனக்கும் ஒரு ஏரோப்ளேன் கம்பெனி வெச்சுக் குடுங்க."

"எதுக்கு மாமா?"

"சும்மா வீட்ல உக்காந்து என்ன பண்றது."

அனுப்பியது யார் என்று தமிழ்ச்செல்வனுக்கு விளங்கிவிட்டது. செல்போனில் சீட்டுகூட ஆடாத மனுஷர். நீச்சல் கற்றுக்கொள்ள வேறு ஆள் கிடைக்காமல், மூன்று முறை மூழ்கியவனிடம் அனுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கம்பெனிக்குப் பெயர் கேட்டது கணினி. துரைராஜ் யோசிக்கவே இல்லை. "கமலா ஏர்னு போடுங்க."

"முதல்ல சின்ன பிளேனா எடுக்கணும் மாமா. எடுக்கிறதெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். வேற வேற மாதிரி எடுத்தா பைலட், மெக்கானிக், ஸ்பேர் எல்லாம் தனித்தனியா வேணும். செலவு தின்னுடும்."

"நீங்க எத்தன மாதிரி வெச்சிருக்கீங்க?"

"ஏழு."

"ஹவ்" என்றார் துரைராஜ், மரியாதையாக. "எந்த ஊருக்கு விடணும்?"

"பக்கத்து ஊரு. போறதுக்கு ஆள் இருக்கணும், வேற கம்பெனிக்காரன் ரொம்ப இருக்கக் கூடாது."

"மதுரை?"

"மதுரை நக்கோ மாமா."

துரைராஜ் சிரித்துவிட்டு, சிரித்ததை நினைத்துச் சங்கடப்பட்டவர்போல மீசையைத் தடவினார். மேஜைமேல் இருந்த அவர் போன் அதிர்ந்தது. வயசானவர்களுக்கு வைக்கிற பெரிய எழுத்து. 'கேட்டீங்களா?' என்று எதிர் வீட்டுக்கே தெரிகிற மாதிரி மின்னியது. அவர் போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

"பேங்க்லேர்ந்து" என்றார்.

"ஆமா மாமா. ஞாயித்துக்கிழமைலதான் அனுப்புவாங்க."

விசாகப்பட்டினத்துக்கு ஒரு சின்ன விமானம் என்று முடிவாயிற்று. டிக்கெட் விலையை மற்றவர்களைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து வைத்தார்கள். இறங்கிய விமானத்தை நிற்கவிடக் கூடாது, நின்றாலும் வாடகை ஓடும், உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று தமிழ்ச்செல்வன் சொன்னான்.

"பைலட்டு ஒரு டீ குடிக்க வேணாமா?"

"விளையாட்டு மாமா."

"யூனியன் இல்லையா இதுல?"

"இல்ல."

"அதான் எல்லாரும் கம்பெனி வெக்கிறான்" என்றார் துரைராஜ். பிறகு தொண்டையைச் செருமினார். வந்த வேலை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "சாருவும் இத ஆடுவாளா?"

"இல்ல. பாத்துச் சிரிப்பா."

"என்னன்னு சொல்லிச் சிரிப்பா?"

"என்னென்னவோ சொல்லுவா."

"இல்ல, கடைசியா..." அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். "சரி, அந்தப் பொத்தானை அமுக்கவா?"

அமுக்கினார். திரையில் தென்னிந்திய வரைபடம். ஹைதராபாத்திலிருந்து ஒரு பச்சைப் புள்ளி கிழக்கே நகர ஆரம்பித்தது. அவ்வளவுதான். துரைராஜ் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். அறுபத்தொரு பேர் என்றதும் கையைக் கட்டிக்கொண்டார், யாரோ பத்திரமாக ஒப்படைத்துவிட்டுப் போன மாதிரி. மேஜைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வந்த வேலையே மறந்துவிட்டது அவருக்கு.

கொஞ்ச நேரத்தில் தமிழ்ச்செல்வனின் போன் அடித்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். கமலா.

"அங்க என்ன பண்றார் அவர்? போன எடுக்க மாட்டேங்கிறார்."

"பிளேன் இன்னும் இறங்கல அத்தை."

"எந்த பிளேனு?"

"கமலா ஏர்."

"எம் பேர்ல நஷ்டம் பண்றாரா?"

"லாபம் வரும்போலத்தான் தெரியுது."

"உங்ககிட்ட கத்துக்கிட்டா?"

"நான் செய்யாததையெல்லாம் செய்யச் சொன்னேன் அத்தை."

கமலா சிரிக்கவில்லை. "அவர் கேட்டாரா?"

"சுத்தி வளைச்சுக் கேட்டார்."

"அவருக்கு அது வராது. நேரா கேக்கவும் வராது. நான் கேக்குறேன். வர வாரம் திதி. சொந்தக்காரங்கள்லாம் வருவாங்க, போவாங்க. நீங்க வழக்கம்போலன்னு சொல்லுவீங்க."

"அத்தை, அது பெருசா ஒண்ணும் இல்ல. சொன்னா உங்களுக்குக் கஷ்டமாயிருக்கும்."

"திட்டினாளா உங்கள?"

"இல்ல. அப்படியும் சொல்லலாம்."

"மாப்ள." கமலாவின் குரல் இறங்கியது. "அதுக்கு மொத நாள் எனக்குப் போன் பண்ணினா. மிளகாப்பொடி தீந்துபோச்சு, அரைச்சு அனுப்புன்னா. சரின்னேன். வெச்சுட்டா. எங்கிட்ட அவ கடைசியா பேசுனது மிளகாப்பொடி. ஒரு வருஷமா அதத்தான் வெச்சுட்டு இருக்கேன். நல்ல வார்த்தையா ஒண்ணு குடுங்கன்னு உங்கள யார் கேட்டா? அதுக்கப்புறம் அவ பேசுனது ஒண்ணு இருக்கு. அது உங்ககிட்ட இருக்கு. அத எனக்கும் குடுங்க."

தமிழ்ச்செல்வன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பெரியப்பாவின் முருகாவையும் சித்தியின் பேரப்பிள்ளைகளையும் தராசில் வைத்து, ஒரு வருஷமாக எடை போட்டுக்கொண்டிருந்தது அவன்தான். கமலா இல்லை. ஒருவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே விமானம் விடுகிற ஆள் அவன். மதுரைக்கு விட்டதும் அப்படித்தான்.

"செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தா அத்தை" என்றான். "பையில சாவியத் தேடினா. நான் இந்த விளையாட்டுலதான் உக்காந்திருந்தேன், காதுல ஹெட்போன். திரும்பக்கூட இல்ல. கையை மட்டும் ஆட்டினேன். அவ உள்ள வந்து ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிட்டுச் சொன்னா."

"என்னன்னு?"

அவன் சாருவைப்போலப் பேசிக்காட்டவில்லை. சொன்னது சொன்னபடி சொன்னான்.

"ஓனர் சார், கேஸ் சிலிண்டர் வரும், பெல் அடிச்சா எந்திரிச்சுப் போய்க் கதவத் தெற. உன் பிளேன் எங்கயும் ஓடிப்போயிடாது."